அப்பாவு கடை நம்பர்

காமாக்ஷி அம்மாவை அவசரப்படுத்த நினைக்கிறவர்களுக்கு என் அனுதாபம். நேரு பிளேஸில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. ஆறு வருடமாக அவர் தொலைபேசியில் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டேதான் நான் பில் போடுகிறேன். கட்டிடம் தீப்பிடித்துவிட்டது என்று யாராவது கத்தினாலும், "அச்சா, எந்த மாடியில?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் எழுந்திருப்பார். ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது அவர் ஒரு நாள் லீவு போட்டால் எனக்கு வேலை ஓடுவதில்லை.

வீட்டு வேலைக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளவும் பெண்களை அனுப்பும் ஏஜென்சிகள் டெல்லியில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு வருகைப்பதிவு மென்பொருள் செய்து தருவது எங்கள் பிழைப்பு. வேலைக்குப் போகும் பெண், வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வீட்டுக்காரரின் போனில் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட வேண்டும். கிளம்பும்போது மறுபடியும் போட வேண்டும். வந்த நேரமும் போன நேரமும் கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பாஸ்வேர்டு மறந்தவர்கள் அழைத்தால் எடுத்துப் பேசுவது காமாக்ஷி அம்மாவின் வேலை. மறக்காதவர்கள் மிகக் குறைவு.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்தவர் அவர். அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்து, டைப்பிங் முடித்து, ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பத்து வருடம் தட்டெழுதி, அது இழுத்து மூடப்பட்டதும் இங்கே வந்தார். கணவர் வைத்தி ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, துவாரகா ஃபிளாட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். காமாக்ஷி அம்மாவுக்கு ஐம்பத்தைந்து நெருங்குகிறது. ஓய்வு பற்றிக் கேட்டால், வீட்டில் ஏற்கெனவே ஒருத்தர் அந்த வேலையைச் செய்கிறார் என்பார்.

போன குளிர்காலத்தில் கம்பெனி புது லாகின் கொண்டுவந்தது. இனி பாஸ்வேர்டு கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தன் மொபைல் நம்பரைக் கொடுக்க வேண்டும். வரும்போதும் போகும்போதும் அந்த நம்பருக்கு ஒரு ரகசிய எண் வரும், கோடு என்பார்கள், அதைப் போட்டால்தான் லாகின் கதவு திறக்கும். ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான். சும்மா சொல்லக் கூடாது, தேவையான மாற்றம்தான். பழைய முறையில் ஒருத்தி பாஸ்வேர்டை இன்னொருத்தி போட்டுவிட்டுப் போவதை யாராலும் தடுக்க முடியவில்லை.

இந்த வேலைக்குத் தலைவர் அர்விந்த். அவனும் கிட்வாய் நகர்ப் பிள்ளைதான். காமாக்ஷி அம்மா வீட்டுக்கு மேல்மாடியில், அரை டிராயரோடு படிக்கட்டில் சறுக்கி விளையாடியவன். இப்போது அவருக்கு மேலதிகாரி. மீட்டிங்கில் 'காமாக்ஷி மேம்' என்பான், லிஃப்டில் தனியாக மாட்டினால் 'ஆன்ட்டி' ஆகிவிடுவார். தமிழ் பேசினால் பாதியில் இந்திக்குத் தாவிவிடுவான். பிப்ரவரி முதல் தேதி எல்லோரையும் ஒரே மூச்சில் புது லாகினுக்கு மாற்றிவிடலாம் என்பது அவன் திட்டம். அதற்காக வண்ண வண்ணமாக ஒரு வரைபடமும் போட்டிருந்தான்.

மீட்டிங்கில் காமாக்ஷி அம்மா வாயைத் திறப்பது அபூர்வம். அன்றைக்குத் திறந்தார்.

"ஒரே நாள்ல பழைய கதவைச் சாத்தினா, காலம்பற அத்தனை பேரும் வாசல்ல நிப்பா. ரெண்டு கதவும் கொஞ்ச நாள் திறந்தே இருக்கட்டும். நான் ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் அனுப்பறேன். கடைசி ஆள் போனப்பறம் பூட்டிக்கலாம்."

அர்விந்துக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் ஏப்ரல் கடைசி வரை அவகாசம் கொடுத்தான்.

அதன் பிறகு அவர் செய்ததை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். ஃபரிதாபாத் பெண்களை முதல் வாரம் எடுத்தார், நொய்டாவை அடுத்த வாரம், பிறகு துவாரகா. காலையில் யாரையும் கூப்பிட மாட்டார், அது அவர்கள் ஓடும் நேரம். மத்தியானம் பாத்திரமெல்லாம் கவிழ்த்த பிறகு கூப்பிடுவார். எடுத்த எடுப்பில் லாகின் என்று ஆரம்பிக்க மாட்டார், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பார். பாஸ்வேர்டை 'பழைய சாவி' என்பார், போனில் வரும் கோடு 'புதுச் சாவி'. இந்தியில் பேசினாலும் தமிழில் பேசினாலும் அதே சாவிதான். ஒருத்தி இன்றைக்கு வேண்டாம் என்றால் சரி என்று வைத்துவிடுவார். அடுத்த வாரம் அவளே கூப்பிட்டு, என்னை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று சண்டை போடுவாள். இந்த வித்தை எனக்குக் கைவராது. நான் இரண்டாவது அழைப்பிலேயே கத்திவிடுவேன்.

மார்ச் பிறந்ததும் சரோஜினி நகர்ப் பக்கம் வந்தோம். அங்கேதான் சிக்கல். ஒரு காலை அர்விந்த் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டான்.

"ஆன்ட்டி, முப்பத்தொரு பேர், சப்கா ஏக் ஹீ நம்பர், எல்லாருக்கும் ஒண்ணே. இது ஃப்ராட். எல்லாரையும் பிளாக் பண்ணிடறேன்."

எல்லோர் காதிலும் விழும்படி ஆன்ட்டி என்றதிலிருந்து அவன் பதற்றம் புரிந்தது. காமாக்ஷி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். இரண்டு நாள் பொறு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். அலுவலகத்தை விட்டு வெளியே போக யாராவது கூப்பிட்டால் நான் காரணம் கேட்பதில்லை.

தண்டவாளத்தை ஒட்டிய தமிழ்க் குடியிருப்பு அது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் கட்டிட வேலைக்கு வந்தவர்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். ஆண்கள் சித்தாள், பெயிண்டர், ரிக்‌ஷா. பெண்கள் வீட்டு வேலை. தெரு முனையில் அப்பாவுவின் இட்லிக் கடை. கடைப் பலகையில் பெயரை விடப் பெரிதாக ஒரு மொபைல் நம்பர். அதைப் பார்த்ததும் காமாக்ஷி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையில் முப்பத்தொரு தடவை பார்த்த நம்பர் அதுதான்.

அப்பாவு ஒன்றையும் மறைக்கவில்லை. ஏஜென்சிக்காரன் முதன்முதலில் நம்பர் கேட்டபோது தெருவில் பாதிப் பேரிடம் போன் இல்லை, இருந்தவர்களுக்குத் தங்கள் நம்பர் மனப்பாடம் இல்லை. தினம் கண்ணில் படும் பலகை நம்பர் மட்டும் எல்லோருக்கும் தெரியும், அதையே சொல்லிவிட்டார்கள். யாராவது பாஸ்வேர்டை மறந்தால் மாற்று எண் அவர் போனுக்கு வரும். கரண்டியோடு வாசலில் நின்று பெயரையும் எண்ணையும் உரக்கச் சொல்வாராம். இந்தத் தொல்லை வேண்டாமென்று கடைசியில் தெரு முழுக்க ஒரே பாஸ்வேர்டு வைத்துக்கொண்டார்கள். முருகன் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். ஃப்ராட் என்று அர்விந்த் சொன்னதன் முழு விவரம் இவ்வளவுதான்.

காமாக்ஷி அம்மா திரும்பிப் போய் இதை அர்விந்திடம் சொன்னார். ஒவ்வொருவரும் ஏப்ரல் கடைசிக்குள் தனி நம்பர் கொடுத்தால் சரி, கொடுக்காதவர்கள் கதவு மூடப்படும் என்று அவன் இறங்கிவந்தான். மார்ச் முடிவதற்குள் பாதிக்கு மேல் மாற்றிவிட்டார். பழைய போனைத் தூசி தட்டி எடுத்தவர்கள் சிலர், புது சிம் வாங்கியவர்கள் சிலர், பெரும்பாலோர் புருஷன் நம்பரையோ பிள்ளை நம்பரையோ கொடுத்தார்கள். அதுவும் போதும். கோடு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டால் ஆயிற்று. நிஜமாகவே நழுவிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். அவரை வீராயி என்று சொல்கிறேன். அவர் உண்மைப் பெயர் அதுவல்ல, இங்கே வரும் மற்றப் பெயர்களும் அல்ல. பின்னால் வரும் பூங்கா எது என்றும் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

வீராயி ஒரு பாட்டியம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். காமாக்ஷி அம்மா கூப்பிடும்போதெல்லாம் அடுத்த வாரம் என்பார். காமாக்ஷி அம்மாவுக்கு அடுத்த வாரங்கள் பழக்கம்தான், ஆனால் இவர் தானாகத் திரும்பி அழைக்கவே இல்லை. ஏப்ரல் நடுவில் நாங்கள் மறுபடியும் தெருவுக்குப் போனோம். எங்களைக் கண்டதும் வீராயி முகம் வெளிறிவிட்டது. வீட்டு வாசலில் பேச வேண்டாமென்று எங்களை பஸ் ஸ்டாப் வரை நடத்திக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உருவம், வேகமான நடை.

வீட்டில் ஒரே போன்தான், அது புருஷன் சட்டைப் பையில். காலையில் கோடு அதற்கு வந்தால் பரவாயில்லை. கிளம்பும்போது வருவதுதான் ஆபத்து. காமாக்ஷி அம்மா ஏன் என்று கேட்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் வீராயியே சொன்னார்.

"ரெண்டு மணிக்கெல்லாம் வேலை முடிஞ்சிடும்மா. வூட்டுல அஞ்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நடுவுல எங்கே போவே?"

"எங்கயும் போவல. பார்க்குல உக்காந்திருப்பேன்."

"யாரோட?"

"யாரோடயும் இல்லம்மா. சும்மா."

காமாக்ஷி அம்மா நின்றுவிட்டார். வீராயியும் நின்றார்.

"அவரு கை நீட்டுறவரு இல்ல, நல்லவருதான். ஆனா ரெண்டு மணின்னு தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள இன்னொரு வூடு புடிச்சுக் குடுத்துடுவாரு. வூட்டுலயே உக்காரலாம்தான். உக்காந்தா எதையாச்சும் எடுத்துக் கழுவ ஆரம்பிச்சிடுறேன். அங்க போனாதான் உக்கார முடியுது. பதினோரு வயசுல பாத்திரம் தேய்க்க வந்தேன்மா. இது ஒண்ணுதான் என்னோடது."

காமாக்ஷி அம்மா முகத்தில் நான் பார்த்தே இராத ஒரு கோபம் தெரிந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நிலைமை இதுதான்: மாதக் கடைசிக்குள் நம்பர் கொடுக்காவிட்டால் வேலை போகும், புருஷன் நம்பரைக் கொடுத்தால் அந்த மூன்று மணி நேரம் போகும். தனியாக ஒரு போன் வாங்கிக்கொள்ளேன் என்று நான் மூக்கை நுழைத்தேன். வாங்கினால் அன்றைக்கே எதற்கு என்று கேள்வி வரும், மறுநாள் மகன் கைக்குப் போய்விடும் என்றார். மறைத்து வைக்க அந்த ஒற்றை அறையில் இடமில்லை. காமாக்ஷி அம்மா தன் நம்பரையே கொடுத்துவிடலாமா என்று யோசித்திருக்கிறார். ஊழியர்கள் நம்பரையும் வீட்டுக்காரர்கள் நம்பரையும் புது லாகின் ஏற்றுக்கொள்ளாது. அர்விந்திடம் விதிவிலக்கு கேட்டால் காரணம் கேட்பான், காரணத்தை அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மேம்பாலம் தாண்டியதும் காமாக்ஷி அம்மா என் பக்கம் திரும்பினார். மெதுவாகச் சொன்னார்.

"ஒரு நம்பருக்கு ஒரு ஆள். அவ்வளவுதானே சட்டம்? அது யார் நம்பர்னு சட்டத்துல இல்லையே. அப்பாவு கடை நம்பர்லேர்ந்து மத்தவா எல்லாரும் போயிட்டா, மிச்சம் இருக்கற ஒருத்தி அங்கேயே இருக்கலாம்."

நான் மண்டையில் அடித்துக்கொண்டேன். முப்பது பேர் வெளியேறினால் போதும், வீராயிக்கு எதுவும் மாற வேண்டாம். இரண்டு மணிக்குப் பாட்டியம்மாள் போனிலிருந்து கடைக்கு ஒரு தடவை கூப்பிட்டு எண்ணைக் கேட்டுக்கொள்ளலாம். அப்பாவுவிடம் காமாக்ஷி அம்மா போனிலேயே பேசினார். கடைசியில் மிஞ்சுகிறவருக்குத் தினம் இரண்டு தடவை எண் சொல்ல வேண்டியிருக்கும், கோடு வருகிற நேரத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்றார். அப்பாவு யாரென்றுகூடக் கேட்கவில்லை.

"என்னைக் கேக்கறது நம்பரு. நேரத்த யாரு கேக்கறாங்க மேடம்?"

அடுத்த இரண்டு வாரம் காமாக்ஷி அம்மா அவசரப்பட்டார். ஆமாம், அவரேதான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார். இன்று வேண்டாம் என்றவர்களை மறுநாளே கூப்பிட்டார். சிம் வாங்க ஆதாரைத் தேடியவர்களுக்கு எங்கே போக வேண்டும் என்று வழி சொன்னார். திரையில் அப்பாவு நம்பருக்குக் கீழே பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை பார்த்தபோது இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒன்று வீராயி. இன்னொன்று மஹாலட்சுமி, அப்பாவுவின் பெண்டாட்டி.

இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அந்த நம்பருக்கு உலகத்தில் யாருக்காவது உரிமை உண்டென்றால் அது மஹாலட்சுமிக்குத்தான். புருஷன் நம்பர், கடை நம்பர், பலகையில் எழுதிய நம்பர். அதை விட்டுக்கொடு என்று எப்படிக் கேட்பது? காரணம் சொல்லாமல் கேட்டால் அவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். காரணம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மஹாலட்சுமியின் வாய் அப்படிப்பட்டது. இட்லி மாவு புளித்ததா இல்லையா என்பதைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் அவர் குரலில்தான் தெரிந்துகொள்வார்கள்.

அன்று மத்தியானமே போனோம். மஹாலட்சுமி வேலை முடிந்து வந்து சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். காமாக்ஷி அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு நம்பர் இருந்தால் எவ்வளவு நல்லது என்று பூசி மெழுகி ஆரம்பித்தார். நான் இதுவரை அவர் வாயிலிருந்து கேட்ட பேச்சுகளிலேயே மட்டமானது அது. மஹாலட்சுமி துருவுவதை நிறுத்தவில்லை.

"எங்க வூட்டுக்காரரு நம்பரு இருக்கறப்ப எனக்கு எதுக்கு மேடம் இன்னொண்ணு?"

"இருந்தா நல்லதுன்னு..."

"நான் வுட்டுட்டா அது யாருக்குப் போவுது?"

காமாக்ஷி அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்லவும் முடியாது. கையைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்தார். திங்கட்கிழமை கதவு மூடப்படும். வீராயியின் மூன்று மணி நேரம் அந்த அம்மாளின் வாயில் இருந்தது. அப்பாவு இட்லித் தட்டைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மஹாலட்சுமி எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தேங்காய் மூடியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மகளுடைய பழைய போனோடு வந்தார். ஓரம் விரிசல் விட்டிருந்தது, ஆனால் சிம் உயிரோடிருந்தது. "இந்த நம்பரப் போட்டுக்குங்க" என்றார். காமாக்ஷி அம்மா தன் போனில் தட்டினார். கோடு வந்தது. மஹாலட்சுமி எழுத்துக் கூட்டுவது போல ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார். கதவு திறந்தது. திரையில் அப்பாவு நம்பருக்குக் கீழே ஒரே ஒரு பெயர் நின்றது. அதற்குப் பக்கத்தில் 'சரி' என்று பச்சை விழுந்ததும் காமாக்ஷி அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் வரை மஹாலட்சுமி கூட வந்தார். வழக்கமான குரல் இல்லை. பக்கத்தில் நடந்த எனக்கே காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"மிச்சம் இருக்கறது வீராயிதானே மேடம். நானும் அந்தப் பார்க் வழியாத்தான் வந்துக்கிட்டிருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாளு பாத்தேன். மரத்தடியில செருப்பக் கழட்டி வச்சிட்டு, காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. பேரு சொல்லிக் கூப்புட வாயத் தொறந்துட்டேன். அவ மூஞ்சியப் பாத்ததும் மூடிக்கிட்டேன். அந்த மூஞ்சிய அவ எங்க தெருவுக்கு ஒரு நாளும் கொண்டுவந்தது இல்ல. அன்னியிலேர்ந்து நான் ரோட்டச் சுத்திக்கிட்டுத்தான் வூட்டுக்கு வரேன்."